பக் வந்த வழி

ஜாக் லண்டனின் நாவலில் பக் என்ற நாய் பனிநாட்டில் ஏற்கும் பெரிய பொறுப்பு தபால் இழுப்பது. கனடா அரசாங்கத்தின் கடிதக் கட்டுகள் ஏற்றிய சறுக்கு வண்டியில் அதைப் பூட்டுகிறார்கள். தங்க வேட்டைக் கதை என்று பேரெடுத்த நூலில், தங்கம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே நாய்கள் காகிதத்தை இழுத்து ஓடுகின்றன. ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, ஆறு உறைந்த பிறகு வெளியுலகத்தோடு தொடர்பே அற்றுப்போன டாசன் நகரத்தில், வீட்டுக் கடிதத்துக்காக ஏங்கிக் கிடந்தவர்களுக்கு அந்தக் காகிதம் தங்கத்தைவிடக் குறைந்ததல்ல.

1903இல் வெளிவந்த 'தி கால் ஆஃப் தி வைல்ட்' என்ற அந்தச் சிறிய நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பெ. தூரன். தமிழில் அதன் பெயர் 'கானகத்தின் குரல்'. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, யூகான் ஆற்றங்கரையில் கருக்கொண்ட கதை, ஹைதராபாத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள அல்வாலில் ஒரு தமிழ்ச் சிறுவனின் காதில் விழுவதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த வழியைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நல்ல புத்தகம் தானாகப் பரவும் என்று சொல்வது பாதி உண்மைதான். ஒவ்வொரு கட்டத்திலும் அதை யாரோ ஒருவர் சிரமப்பட்டுத் தூக்கி அடுத்த கட்டத்தில் சேர்த்திருக்கிறார்.

ஓடைக்கரைக் குடிசை

1896 ஆகஸ்ட் 16ஆம் தேதி, கனடாவின் யூகான் பகுதியில், கிளாண்டைக் ஆற்றோடு சேரும் ஒரு சிற்றோடையில் தங்கம் கிடைத்தது. கண்ட குழுவில் கெய்ஷ், டாசன் சார்லி என்ற தாகிஷ் இனத்தவர் இருவரும், கெய்ஷின் சகோதரி கேட்டும், அவள் கணவரான ஜார்ஜ் கார்மாக் என்ற வெள்ளையரும் இருந்தார்கள். செய்தி வெளியுலகத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. 1897 ஜூலையில் தங்கத்தோடு இரண்டு கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் வந்து நின்றதும், சுமார் ஒரு லட்சம் பேர் வடக்கே கிளம்பினார்கள். டாசனை எட்டியவர்கள் அதில் பாதிகூட இல்லை.

ஜூலை 25ஆம் தேதி கப்பலேறிய ஜாக் லண்டனுக்கு அப்போது 21 வயது. ஏழை வீட்டுப் பிள்ளை. புட்டி அடைக்கும் ஆலையிலும் சலவைக் கூடத்திலும் உடல் தேய வேலை செய்தவர். பயணச் செலவுக்காக அவருடைய அக்கா எலிசா தன் வீட்டை அடமானம் வைத்தார். எலிசாவின் கணவரும் கூடவே புறப்பட்டார். வயதானவர், சில்கூட் கணவாயின் ஏற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். லண்டன் ஏறினார்.

அந்தக் கணவாயைத் தாண்ட வேண்டுமானால் ஒரு வருஷத்துக்கான உணவும் கருவிகளும் வேண்டும். ஏறக்குறைய ஒரு டன் சாமான். அதை முதுகில்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு மூட்டையை மேலே வைத்துவிட்டு இறங்கி, அடுத்ததைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். பாதையில் ஒரு மைல் முன்னேறுவதற்குள் கால்கள் பல மைல் நடந்திருக்கும். பக்கத்திலேயே இருந்த வெள்ளைக் கணவாயில் குதிரைகளை ஓட்டிப் பார்த்தார்கள். பாறையிலும் சேற்றிலும் சுமையோடு சரிந்து சுமார் 3,000 குதிரைகள் செத்தன. 'செத்த குதிரைப் பாதை' என்றே அதற்குப் பெயர் வந்தது. குதிரை தோற்ற அந்த நிலத்தில் குளிர்காலம் வந்ததும் நாய்க்கு ஏற்பட்ட மதிப்பை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். நாவலின் ஆரம்பத்தில், கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் ஒரு நீதிபதியின் வீட்டுச் செல்லமாக வளரும் பக்கைத் தோட்டக்காரனின் உதவியாள் திருடி விற்கிறானே, அதற்குப் பின்னால் உள்ள பொருளாதாரம் இதுதான்.

அந்த நீதிபதி வீடு கற்பனை அல்ல. ஹிராம் பாண்ட் என்ற நீதிபதிக்கு அதே பள்ளத்தாக்கில் பண்ணை இருந்தது. அவருடைய மகன்கள் லூயி, மார்ஷல் இருவரும் டாசனில் குடிசை போட்டிருந்தார்கள். 1897 இலையுதிர் காலத்தில் லண்டன் தம் கூடாரத்தை அடித்தது அந்தக் குடிசைக்குப் பக்கத்தில்தான். பாண்ட் சகோதரர்களிடம் செயின்ட் பெர்னார்டும் ஸ்காட்ச் கோலியும் கலந்த பெரிய நாய் ஒன்று இருந்தது. அதன் பெயரும் ஜாக். நாவல் வெளியான ஆண்டின் கடைசியில் லண்டனே மார்ஷல் பாண்டுக்கு எழுதிய கடிதத்தில், பக் உருவாக அந்த நாய்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குளிர்காலம் முழுவதும் அவர் ஹென்டர்சன் ஓடைப் பக்கம் மரக்கட்டைக் குடிசைகளில் கழித்தார். தங்கம் கிடைக்கவில்லை. கிடைத்தது ஸ்கர்வி நோய். பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாமல் ஈறு வீங்கிப் பல் ஆடி, மூட்டுகள் மடங்கிப் போகும் நோய் அது. 1898 ஜூனில் சிறு படகில் யூகான் ஆற்றின் வழியே பெரிங் கடல் வரை இறங்கி வீடு திரும்பினார். கையில் காசில்லை. காதுகளில் அந்தக் குளிர்காலம் முழுதும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தபால்காரர்களும் நாயோட்டிகளும் சொன்ன கதைகள் இருந்தன.

அவர் தங்கியிருந்த குடிசை ஒன்று 1960களில் கண்டுபிடிக்கப்பட்டது. கட்டையில் அவர் பென்சிலால் எழுதியிருந்த பெயரும் 1898 ஜனவரித் தேதியும் அடையாளம் காட்டின. அந்தக் கட்டைகளை இரண்டாகப் பங்கிட்டு, புதுக் கட்டைகள் சேர்த்து இரண்டு குடிசைகள் கட்டினார்கள். ஒன்று டாசனில், மற்றொன்று அவர் வளர்ந்த ஓக்லண்டில். குடிசையைக்கூட மனிதர்கள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இரண்டாயிரம் டாலருக்குக் கைமாறிய கதை

1902 டிசம்பரில் லண்டன் ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தார். அதற்கு முன் கெட்ட நாய் ஒன்றைப் பற்றி எழுதியிருந்ததால், நாயினத்துக்கு நியாயம் செய்ய நல்ல நாயைப் பற்றி ஒன்று எழுத வேண்டும் என்பது நோக்கம். சிறுகதை கைக்கு அடங்கவில்லை. ஜனவரி முடிவதற்குள் 32,000 சொற்களில் ஏழு அத்தியாய நாவலாக நின்றது. 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' வார இதழ் 750 டாலர் கொடுத்து, 1903 ஜூன் 20 முதல் ஐந்து இதழ்களில் தொடராக வெளியிட்டது. மாக்மில்லன் நிறுவனம் 2,000 டாலருக்குப் புத்தக உரிமையை மொத்தமாக வாங்கிக்கொண்டது. ஜூலையில் வெளிவந்த முதல் பதிப்பின் 10,000 பிரதிகள் அன்றைக்கே தீர்ந்தன. அதன்பின் எத்தனையோ பதிப்புகள், எத்தனையோ மொழிகள். எழுதியவருக்கு அந்த நூலால் வந்தது ஏற்கெனவே வாங்கிய அந்தத் தொகைதான். உழைப்பாளியின் கூலி பற்றி வாழ்நாளெல்லாம் பேசிய சோசலிஸ்டுக்கு இப்படி ஒரு கணக்கு.

இன்னொரு கடனும் உண்டு. வட கனடாவில் பாதிரியாராக இருந்த எகர்டன் ரையர்சன் யங் என்பவர், தம் நாய்களைப் பற்றி 1902இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். லண்டன் அதிலிருந்து எடுத்தாண்டார் என்ற குற்றச்சாட்டு 1907இல் எழுந்தபோது, அந்த நூலை ஆதாரமாகப் பயன்படுத்தியதை லண்டன் மறைக்கவில்லை. நாய்களோடு பல குளிர்காலங்கள் வாழ்ந்த ஒருவரின் அனுபவம், ஒரே ஒரு குளிர்காலம் மட்டும் பார்த்தவரின் கலைக்குள் வந்து சேர்ந்தது. நூலின் பயணம் அது எழுதப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இது சாட்சி.

இதைச் சிறுவர் நூலாக எழுதினாரா என்றால், இல்லை. சிறுவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிறுவர்களுக்கென்றே அவர் எழுதிய வடநாட்டுக் கதை வேறு. 'தீ மூட்டுவது' பற்றிய அவருடைய புகழ்பெற்ற கதைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. 1902இல் ஒரு சிறுவர் இதழில் வந்த வடிவத்தில், தனியாகப் போகாதே என்ற எச்சரிக்கையை மீறியவன் கைகால் உறைந்து தவித்து எப்படியோ தீ மூட்டிப் பிழைத்துக்கொள்கிறான். 1908இல் பெரியவர்களுக்காகத் திருப்பி எழுதியபோது அவன் சாகிறான், கூட வந்த நாய் பிழைக்கிறது. குழந்தைக்குப் பாடம் போதும், பெரியவனுக்கு விளைவும் வேண்டும் என்று நினைத்தார் போலும்.

பக்கின் கதையில் இந்தக் கருணை கிடையாது. அதனால்தான் அது சிறுவர்களை ஏமாற்றாத நூலாக இருக்கிறது. பனியில் எப்படிப் பிழைப்பது என்பதை அது ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறது. முதல் இரவில் பக்குக்குப் படுக்க இடம் தெரியவில்லை. கூடாரத்துக்குள் போனால் துரத்துகிறார்கள். மற்ற நாய்களைக் காணோம். தேடித் தேடிக் கடைசியில், அவை பனிக்குள்ளேயே குழி தோண்டிச் சுருண்டு, தம் உடம்புச் சூட்டிலேயே கதகதப்பாகத் தூங்குவதைக் கண்டுபிடிக்கிறது. கொல்வதும் பனிதான், போர்வையும் பனிதான். பெரோ என்ற அரசுத் தபால்காரர் பனிப்பாளம் உடைந்து ஆற்றுக்குள் விழும்போதெல்லாம், குறுக்கே பிடித்த நீண்ட கழி விளிம்புகளில் தாங்கி அவரைக் காப்பாற்றுகிறது. வெப்பமானி பாரன்ஹீட்டில் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது, அதாவது செல்சியஸில் மைனஸ் 45. ஒவ்வொரு முறை விழுந்து எழும்போதும் நின்று, தீ மூட்டி, துணியை உலர்த்தினால்தான் உயிர். முப்பது மைல் ஆற்றைக் கடக்க ஆறு நாட்கள் ஆகின்றன.

என் மனத்தில் ஆழமாக நின்ற பகுதி ஒரு கணக்கு. பக்கை விலைக்கு வாங்கும் ஹால், சார்லஸ், மெர்சிடிஸ் மூவரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். நாய் அதிகமானால் வேகம் அதிகமாகும் என்று பதினான்கு நாய்களைப் பூட்டுகிறார்கள். ஒரு நாய்க்கு இவ்வளவு தீனி, இத்தனை நாய், இத்தனை நாள் என்று காகிதத்தில் பெருக்கிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். ஒரு வண்டி பதினான்கு நாய்களின் தீனியைச் சுமக்க முடியாது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. நாய்கள் ஒவ்வொன்றாகப் பட்டினியில் விழுகின்றன. கடைசியில் அந்த மூவரும் ஆற்றுப் பனியோடு மூழ்கிப் போகிறார்கள். இயற்கையைப் பற்றிப் பெரிய வார்த்தைகள் எதுவும் சொல்லாமல், ஒரு பெருக்கல் கணக்கில் அகம்பாவத்தைக் காட்டிவிடுகிறார் லண்டன். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும்.

பெரியசாமி தூரன் சுமந்த பகுதி

நூல் உலகைச் சுற்றியது. 1923இலும் 1935இலும் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. சோவியத் நாட்டில் லண்டன் மிகப் பெரிய எழுத்தாளராகக் கொண்டாடப்பட்டார். 1924 ஜனவரியில், லெனின் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மனைவி குரூப்ஸ்கயா அவருக்கு வாசித்துக் காட்டியது லண்டன் எழுதிய 'உயிர் மேல் ஆசை' என்ற வடபுலக் கதை. பட்டினியில் தவழ்ந்து தவழ்ந்து பிழைக்கும் ஒருவனின் கதை அது. நாஜிகள் 1933இல் எரித்த நூல்களில் லண்டனின் எழுத்தும் இருந்தது.

தமிழுக்கு இந்த நூலை எடுத்து வந்த பெ. தூரன், 1908இல் ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில் பிறந்தவர். பனி என்றால் மார்கழிக் காலையில் சோளத்தட்டின் மேல் நிற்கும் துளிகளை மட்டும் அறிந்த கொங்கு மண். இன்று அவரைப் பலரும் கர்நாடக இசைக் கீர்த்தனைகளால் அறிவார்கள். பாரதியார் சுதேசமித்திரனில் எழுதிச் சிதறிக் கிடந்தவற்றைத் தேடித் தொகுத்தவர் அவர். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, தமிழின் முதல் கலைக்களஞ்சியம். அதன் முதன்மை ஆசிரியராக 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளிக்கொண்டுவந்தார். அது முடிந்த கையோடு குழந்தைகளுக்காகத் தனியே இன்னொரு பத்துத் தொகுதிகள். அதுவும் 1976இல் நிறைவேறியது.

இப்படிப்பட்டவர் ஏன் ஒரு நாயின் கதையை எடுத்துக்கொண்டார் என்று யோசித்தால், அவருடைய மற்ற நூல்களின் பெயர்கள் கைகாட்டுகின்றன. 'பாரம்பரியம்', 'அடிமனம்', 'குழந்தை உள்ளம்'. மரபுவழியாக உயிருக்குள் வருவது எது, மனத்தின் அடியாழத்தில் கிடப்பது எது, குழந்தை உலகத்தை எப்படி அறிகிறது என்று தமிழில் எளிமையாக விளக்கியவர் அவர். பக்கின் கதை இந்த மூன்றும் சேரும் இடம். தீயருகே கண்ணை மூடும்போது தான் ஒருபோதும் காணாத ஆதிகாலத்தைக் காணும் நாய் அது. வீட்டுப் பழக்கம் அடுக்கடுக்காக உதிர, அதற்கடியில் தூங்கிய ஓநாய் விழிக்கிறது. அறிவியல் இன்று அந்த நினைவு மரபை அப்படியே ஏற்காது. ஆனால் அந்தக் கேள்வி தூரனுக்கு உள்ளூர நெருக்கமானது என்று நான் நம்புகிறேன். 'கொல்லிமலைக் குள்ளன்', 'மாயக் கள்ளன்' என்று சிறுவர்களுக்கான சாகசக் கதைகளையும் எழுதியவர் என்பதால், ஓட்டம் குறையாமல் கதை சொல்லவும் அவருக்குத் தெரியும்.

1987இல் தூரன் மறைந்தார். எத்தனையோ நல்ல மொழிபெயர்ப்புகளுக்கு நேர்ந்ததுபோல, இதுவும் மறுபதிப்பு அரிதாகி நூலக அலமாரிக்குள் முடங்கியிருக்கலாம். காப்பாற்றியது இரண்டு ஏற்பாடுகள். முதலாவது நாட்டுடைமை. 1949இல் பாரதியின் எழுத்தில் தொடங்கிய வழக்கம் அது. வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை தந்து, நூல்களை எல்லாருக்கும் பொதுவாக்குகிறது. தூரனின் எழுத்தும் அவ்வாறு பொதுவானது. இரண்டாவது, தமிழ் இணையக் கல்விக்கழகம் வருடி வைத்த நாட்டுடைமை நூல்கள் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தது. பக்கங்களின் படம் மட்டும் இருந்தால் தேட முடியாது, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும் வசதிப்படாது. படத்திலிருந்து கணினி எழுத்தைப் பிரித்தெடுத்த பிறகு, ஒற்று விட்டது, ரகரம் காலாக மாறியது என்று வரிக்கு வரி ஒருவர் திருத்த வேண்டும். திருத்தினால் அந்தப் பக்கத்தின் அடையாளம் மஞ்சள் நிறமாகும். இன்னொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சையாகும். சம்பளம் இல்லாமல், பல ஊர்களில் உட்கார்ந்து இதைச் செய்கிறவர்கள் தமிழ் நூல்களைப் பக்கம் பக்கமாக அடுத்த தலைமுறைக்கு நகர்த்துகிறார்கள்.

அல்வாலில்

செகந்திராபாத்திலிருந்து ராஜீவ் ரஹதாரி என்ற நெடுஞ்சாலையில் வடக்கே போனால் திருமலகிரி, லோத்துகுண்டா, அடுத்து அல்வால். அதற்கும் அப்பால் பொல்லாரம். 1806இல் செகந்திராபாத் கண்டோன்மென்ட் உருவான பிறகு, மதராஸ் படையோடும் அதற்கு வேண்டிய தொழில்களோடும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்தன. பிறகு ரயில்வேயிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை தேடி வந்தவர்கள். அல்வால் தனி நகராட்சியாக இருந்து 2007இல் பெருநகர மாநகராட்சியோடு இணைந்தது. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும், தெருவில் தக்கனியும் பேசுவார்கள். ஐந்து மொழி பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மட்டும் பெரும்பாலும் தெரியாது. கற்றுத்தரப் பள்ளி இல்லை. இந்த மாதிரிப் பிள்ளைக்கு 'கானகத்தின் குரல்' கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்வதால் மட்டும் பயனில்லை. கடைசித் தூரத்தை யாராவது குரலால் கடக்க வேண்டும்.

என் அக்கா மகனுக்கு நான் இதை வாசித்துக் காட்டியது மே மாதத்தில். வெளியே 40 டிகிரிக்கு மேல் வெயில், தண்ணீர்த் தொட்டிக் குழாயில் வெந்நீர். கூலர் ஓசைக்கு மேலே குரலை உயர்த்தி மைனஸ் 45 டிகிரியைப் படித்தேன். அவன் குளிரைப் பற்றிக் கேட்கவில்லை. ஓடி ஓடிப் பாதம் புண்ணான பக்குக்கு, பிரான்ஸ்வா என்ற நாயோட்டி தன் தோல் காலணியின் மேற்பகுதியை அறுத்து நாலு சின்னக் காலணி தைத்துப் போடுகிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான்.

"மாமா, நாய்க்குச் செருப்பா? கழட்டிடாதா?"

"ஒருநாள் போட மறந்துட்டாங்களாம். பக் மல்லாந்து படுத்து நாலு காலையும் ஆட்டுச்சாம், செருப்பு இல்லாம நகர மாட்டேன்னு."

"அப்போ அதுக்குத் தெரியும், யார் தனக்கு நல்லது பண்றாங்கன்னு."

பக்கத்து வீட்டுப் பெரியவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்வால், பொல்லாரம் பக்கம் இப்படி நிறையப் பேர் உண்டு. வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், காலைப் பற்றிய பேச்சு வந்ததும் உள்ளே வந்துவிட்டார். "அது சரியான விஷயம் தம்பி. மலையில பார்ட்டி கமாண்டர் மொதல்ல பார்க்கறது எல்லாரோட காலைத்தான். ஈர சாக்ஸோட படுத்தா விரல் போச்சு. வெறுங்கையால துப்பாக்கியைத் தொட்டா தோல் ஒட்டிக்கும்" என்றார். நாவலில் ஒரு வரி படித்தால், லடாக்கிலிருந்து அவர் ஒரு பக்கம் சொன்னார். பையனுக்கு அதற்குப்பின் யூகான் வேற்றூராகத் தெரியவில்லை.

பனி நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். 1984 ஏப்ரலிலிருந்து சியாச்சினில் நம் ஆட்கள் நிற்கிறார்கள். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் நிலை ஒன்றின்மேல் பனிச்சுவர் சரிந்தபோது, புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். பாறையாக இறுகிய பனியை வெட்டி வெட்டித் தேடியவர்களோடு டாட், மிஷா என்ற இரண்டு நாய்களும் இருந்தன. ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கண்டெடுக்கப்பட்டார். பிப்ரவரி 11ஆம் தேதி தில்லி மருத்துவமனையில் இறந்தார். வெப்ப நாட்டுப் பிள்ளைகள் உறைபனியில் உயிர் காக்கப் போராடுவதும், நாயின் மோப்பத்தை நம்பி மனிதன் பனியைத் தோண்டுவதும் நம் காலத்து, நம் வீட்டு நிகழ்ச்சிகள். மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர் ஒருவரின் பிள்ளை பக்கின் கதையை அந்நியக் கதையாகப் படிக்க மாட்டாள்.

சேர்த்துச் சொல்ல வேண்டியது

இந்த நூலைக் குழந்தைக்குக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைப் பெரியவர்கள் மறைக்கக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் யீஹாட் என்ற பழங்குடியினர் வந்து, பக்கின் அன்புக்குரிய ஜான் தார்ன்டனைக் கொல்கிறார்கள். பக் அவர்களைக் கொன்று பழிதீர்க்கிறது. அப்படி ஓர் இனம் கிடையாது, லண்டனின் கற்பனை. அந்த நிலத்தில் உண்மையாக வாழ்ந்தவர்கள் கதையில் முகமில்லாத வில்லன்களாக மட்டும் வருகிறார்கள். நடந்ததோ தலைகீழ். தங்கம் தேடி வந்தவர்களின் கூட்டம் பெருகியபோது, ஹான் மக்கள் கிளாண்டைக் முகத்துவாரத்தில் இருந்த தங்கள் மீன்பிடி ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களுடைய தலைவர் ஐசக், மக்களை ஆற்றின் கீழ்ப்போக்கில் மூஸ்ஹைட் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். புதிய கூட்டத்தின் நெருக்கடியில் தங்கள் பாட்டுகள் அழிந்துவிடும் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவில் உள்ள உறவினரிடம் பாதுகாக்கக் கொடுத்தார். அந்தப் பாட்டுகள் பிற்காலத்தில் திரும்பி வந்தன. 2023இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அதன் பெயரில் கிளாண்டைக்குக்கு முன்னால் அம்மக்களின் மொழிப் பெயரான ட்ரோன்டெக் நிற்கிறது.

பனியில் பிழைக்கும் அறிவின் பெரும்பகுதி வடபுலப் பழங்குடிகளுடையது. தோல் காலணி, நாய் வண்டி, காய்ந்த சால்மன் மீன் எல்லாம். பக்குக்கு நாளொன்றுக்குக் கொடுத்த ஒன்றரை ராத்தல் உலர்மீனும் அந்தப் பழங்குடி அறிவின் பங்குதான். இதைச் சொல்லிக்கொடுத்தால் நாவலின் அழகு குறையாது. எழுதியவர் எங்கே கண்டார், எங்கே காணத் தவறினார் என்று பிரித்தறியும் வாசகராகக் குழந்தை வளரும்.

இப்போது நம்மால் செய்ய முடிந்தது அதிகம். நூல் நாட்டுடைமை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். யூகான் ஆற்றின் வரைபடம் ஒன்று, பழங்குடி மக்களைப் பற்றி இரண்டு பக்கக் குறிப்பு, செல்சியஸில் ஒரு வெப்பநிலை அட்டவணை, இவற்றோடு பெரிய எழுத்தில் ஒரு சிறுவர் பதிப்பு வர வேண்டும். ஹைதராபாத், பெங்களூர், மும்பைத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாச் செலவில் சிறு பகுதியை ஒதுக்கினாலே இது நடக்கும். அதற்குக் காத்திருக்கவும் தேவையில்லை. நாவலில் ஏழு அத்தியாயங்கள். தெலங்கானாப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏறக்குறைய ஏழு வாரம். தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால், வாரத்துக்கு ஓர் அத்தியாயம் உரக்க வாசித்தால் பள்ளி திறப்பதற்குள் முடித்துவிடலாம். கேட்கும் பிள்ளை அடுத்த கோடையில் தானே எழுத்துக் கூட்டிப் படிக்க ஆசைப்படும். ஆசை வந்த பிறகு தமிழ் எழுத்து கற்பிப்பது கடினமான வேலை அல்ல.